மட்டக்களப்பு வாவியின் ஊரிகள்

மட்டக்களப்பு என்றதும் நம்மவர் நினைவில் முதலில் எழுவது பாடும் மீன். பழைய கோட்டைக்கு அண்மையிலும் கல்லடிப் பாலத்தின் கீழும், காற்றடங்கிய நிலா இரவுகளில், வாவியின் அடியிலிருந்து மெல்லிய இசை எழும் என்பது தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் செய்தி. யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகள் அவ்வொலியை நீரரமகளிரின் பாடலாகக் கற்பனை செய்தார். 1950களில் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதனை ஒலிப்பதிவு செய்தார். புகழெல்லாம் மீனுக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் வாவியிலே வலை வீசி வாழ்ந்தவர்கள் ஒரு காலத்தில் அந்த இசைக்கு உரியதெனச் சுட்டிக்காட்டியது மீனை அன்று. சேற்றிலே ஊர்ந்து திரியும் ஊரியை.

இதற்குச் சான்று ஓர் ஆங்கில அதிகாரியின் எழுத்தில் இருக்கிறது. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியின் இசையைப் பற்றி விசாரித்தார். மீனவர்கள் அவரைத் தோணியில் ஏற்றிக் கோட்டை வாயிலுக்கு எதிரே நிலவில் கொண்டுபோய் நிறுத்தினர். அவரும் கேட்டார். ஒரே தொடர்ச்சியான ஓசையாக இல்லாமல், தனித்தனியான எண்ணற்ற சிற்றொலிகளாக அது எழுந்தது என்றும், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது இன்னும் தெளிவாகக் கேட்டது என்றும் எழுதி வைத்தார். எது ஒலிக்கிறது என்று கேட்டதற்கு அவர்கள் கூறிய விடையை ஆங்கில எழுத்தில் தம் காதுக்கு எட்டியவாறு பதிந்துகொண்டு, அது ஒரு சிப்பியின் தமிழ்ப் பெயர் என்றும், அதன் பொருள் ‘அழும் சிப்பி’ என்றும் விளக்கமும் தந்தார்.

அந்த ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் காதுடையவர் வாய்விட்டுப் படித்தால் உண்மை புலனாகும். ‘ஊரி குளிறுகிறது’ என்பதே அது. குளிறுதல் என்றால் ஒலித்தல். தெனன்றுக்குக் கிடைத்தது பெயர் அன்று. ஒரு முழு வாக்கியம். “எது ஒலிக்கிறது?” என்று துரை கேட்க, “ஊரி குளிறுகிறது” என்று மீனவன் விடை கூறியிருக்க வேண்டும். எழுவாயும் பயனிலையுமாக நின்ற ஒரு மனிதனின் கூற்று, ஒரு பிராணியின் பெயர்ச்சீட்டாக லண்டனில் 1859இல் அச்சேறியது. அடிமை நாடுகளின் அறிவு ஐரோப்பிய நூல்களில் ஏறிய விதத்துக்கு இதனினும் சிறந்த உதாரணம் தேடிக் கிடைப்பது அரிது. அந்த மீனவரின் பெயரைத் தெனன்ற் எழுதவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே ஆண்டு யூலை இறுதியில்தான் புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஓகஸ்டில் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றனர். அந்த இரத்தம் உலர்ந்த சில வாரங்களில் அரசாங்கத்தின் செயலாளர் வாவியில் இசை கேட்டுக்கொண்டிருந்தார் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

எனினும் தெனன்றை நாம் முற்றாக ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஊரியைக் கொண்டுவாருங்கள் என்று அவர் கேட்டபோது மீனவர் உயிருள்ளனவாகக் கொண்டுவந்தவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. லிற்றோரினா என்ற இனத்தொகுதியைச் சேர்ந்தவை சில; செரித்தியம் பலுஸ்திரே என்று அன்று வழங்கிய, நீண்டு கூர்த்த பெரிய ஊரிகள் சில. ஊரி என்பது சங்குக்கும் நத்தைக்கும் பொதுவாக வழங்கும் சொல்லாகையால் இதில் வியப்பில்லை. அவற்றைப் பார்த்த தெனன்ற் ஒரு நுட்பமான குறிப்பு எழுதினார்: தமக்குக் கிடைத்த பலுஸ்திரே ஊரிகள் குறுகியும் பருத்தும் ஓடு தடித்தும் இருந்தன, பாறைப்பாங்கான இடத்தில் வாழ்பவை, மணற்பாங்கில் வாழும் தம் உறவினங்களிலிருந்து இவ்வாறு வேறுபடுவது வழக்கமே என்றார். இடம் மாறினால் உருவம் மாறுவது ஏன்? அந்த மாற்றம் அந்தப் பிராணியின் ஆயுளில் நிகழ்வதா, தாயிடமிருந்து வருவதா? இரண்டும் ஒரே இனந்தானா, வெவ்வேறா? 1848இல் இவ்வினாக்களுக்கு விடை இல்லை. அவை விடை பெற்ற கதையே நாம் இங்கே கூற விரும்புவது.

ஐரோப்பியர் கீழைக் கடல்களிலிருந்து முதலில் கொண்டுபோனது ஓடுகளையே. உள்ளிருந்த உயிர் அழுகி நாறும். ஓடு அழகாக இருக்கும், கப்பலில் கெடாது, பிரபுக்களின் அலுமாரியில் அமரும். அம்போயினாத் தீவில் ஒல்லாந்தக் கம்பெனியின் ஊழியராக இருந்த ரும்பியஸ், கண்பார்வை இழந்த பின்னும் அத்தீவு மக்களின் உதவியோடு சிப்பிகளை விவரித்து எழுதிய நூல் 1705இல் வெளிவந்தது. அவர் உயிரையும் கவனித்தவர். ஆனால் பின்வந்த பெயர்சூட்டுநர் பெரும்பாலும் ஓட்டையே பார்த்தனர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் நம் கண்டல் சேற்றில் வாழும் மூன்று ஊரிகளுக்குப் பெயரிட்டார். 1758இல் ஒன்றைப் பம்பர வடிவச் சிப்பிகளோடு சேர்த்தார். மற்றொன்றைத் தோட்டத்து நத்தையோடு வைத்தார். 1767இல் மூன்றாவதற்குச் சதுப்பில் வாழ்வது என்ற பொருளில் பலுஸ்திரிஸ் எனப் பெயரிட்டு, வேறொரு கடற்சிப்பிக் கூட்டத்தில் நிறுத்தினார். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும், இன்று தெலஸ்கோப்பியம், தெரபிராலியா எனப்படுபவை, நெருங்கிய உறவினர். ஒரே சேற்றில் அருகருகே ஊர்பவை. ஓட்டின் வடிவம் உறவுகளைப் பிரித்து, அந்நியரைச் சேர்த்து வைத்தது.

ஓடு இரு வழியிலும் ஏமாற்றும் என்பதை நம் சங்கு வாணிகத்திலிருந்தே எடுத்துக்காட்டலாம். வலம்புரிச் சங்குக்கு எத்தனை மகிமை! செல்வர் வீட்டுப் பெட்டகத்தில் பூசைக்குரியதாக அது இருக்கிறது. ஆனால் அது தனி இனம் அன்று. சாதாரண இடம்புரிச் சங்கின் பிள்ளையே, சுழற்சி மாத்திரம் மாறிப் பிறந்தது. நன்னீரில் வாழும் ஒரு குளத்து நத்தையை வைத்து 1923இல் பொயிகொற், டைவர் என்போர் இத்தகைய மாறுபாட்டை ஆராய்ந்தனர். நத்தை எப்பக்கம் சுழல்வது என்பதை அதன் சொந்தப் பரம்பரை அலகு தீர்மானிப்பதில்லை. தாயினுடையதே தீர்மானிக்கிறது என்று தெரியவந்தது. மறுபக்கம், தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் சங்கு குளித்தவர்களும் வாங்கியவர்களும் குட்டையான சங்கைப் பட்டி என்றும் நீண்டதைப் பாயல் என்றும் பிரித்து, வெவ்வேறு விலை கூறினர். சென்னை மாகாண மீன்பிடித் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னல் 1914இல் சங்கைப் பற்றி எழுதிய நூலில் இந்தப் பிரிவை அவர்களிடமிருந்தே கற்றுக் குறித்துள்ளார். ஒன்றில் பெரும் வேறுபாடு போலத் தோன்றுவது அற்பம். மற்றொன்றில் அற்பமாகத் தோன்றுவதை உழைப்பவன் கை உணர்ந்திருக்கிறது.

இனி வாவியின் மேல்கரைக்குச் செல்வோம். மட்டக்களப்பு மக்கள் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரையில் வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேச செயலகம் அமைந்துள்ள ஊர் அது. வயலும் வாவியும் ஒன்றையொன்று தொடும் இடம். நீர்விளிம்பில் கண்டலும் கண்ணாவும். ஐரோப்பியப் பாடநூல்கள் கடற்கரை ஊரியின் வாழ்வை வற்றுப்பெருக்கைக் கொண்டு விளக்குகின்றன: நாளுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை இறங்கும். நம் கிழக்குக் கரையிலோ வற்றுப்பெருக்கு மூன்றடியையும் எட்டாது. வாவிக்குள் அது இன்னும் தேய்ந்துவிடும். இங்கே ஊரியின் நாழிகை வட்டில் ஓராண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. கச்சான் காற்று வீசும் வெயிற்காலத்தில் ஆற்றுவாயை மணல் அடைத்துவிடும், நீர் வற்றி உப்பேறும், கரைச்சேறு வெடிக்கும். மாரி தொடங்கியதும் வயல்வெள்ளமும் ஆற்றுவெள்ளமும் வந்து வாவி சில நாட்களில் நன்னீர் போலாகும். நெல் மூழ்குகையில் ஆற்றுவாயை வெட்டு என்பான் கமக்காரன். இறாலும் மீனும் கடலோடு போய்விடும், பொறு என்பான் மீனவன். ஆண்டுதோறும் எழும் இந்த வழக்கில் ஊரிக்கு வாக்கு இல்லை.

உப்பு நீரில் வாழப் பழகிய உடல் நன்னீரில் நனைந்தால் என்ன ஆகும்? நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்யும். ஊரி முதலில் தன் மூடியை இழுத்து அடைத்துக்கொள்கிறது. பின்னர் உயிரணுக்களில் சேர்த்து வைத்திருந்த அமினோ அமிலங்களைக் குறைத்து, உள்ளும் புறமும் சமநிலை காண்கிறது. உப்பு மிகும்போது இதற்கு எதிர்மாறு. இந்த ஆற்றல் எல்லா இனங்களுக்கும் ஒரே அளவில் இல்லை. பெரிய தெரபிராலியா ஊரியைப் பாருங்கள். இளமையில் சேற்றிலுள்ள நுண்ணிய மக்கலைத் தின்னும். வளர்ந்ததும் அரம் போன்ற அதன் நாக்கின் பற்களே உருமாறி, உதிர்ந்த கண்டல் இலைகளை அராவித் தின்னத் தொடங்கும். ஓர் இலை விழுந்து ஓர் ஊரி தின்னத் தொடங்கினால், அதன் வாசனையை உணர்ந்து மற்றவை வந்து கூடும் என்று கிழக்கு ஆபிரிக்கக் கரையில் ஆராய்ந்தோர் 2001இல் காட்டினர். ஓர் இனத்திற்குள்ளேயே குழந்தைக்கு ஒரு வாயும் முதியதற்கு ஒரு வாயும்! ஓட்டை மாத்திரம் சேகரித்தவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

லிற்றோரினாவின் வழி வேறு. அது நீரை விட்டுக் கண்டல் மரத்தில் ஏறுகிறது. பட்டையில் சிறிதளவு கோழையை ஒட்டி உலரவைத்து, அதில் ஓட்டின் விளிம்பைத் தொங்கவிட்டு, மூடியை அடைத்து, நாட்கணக்கில் ஈரத்தைக் காத்துக் கிடக்கும். கண்டல்களில் ஏறும் இவ்வூரிகளில் பெரும்பாலானவற்றை ஒரே இனமாக, நிறமும் வரியும் பலவாறு மாறும் ஓர் இனமாக, நெடுங்காலம் எண்ணி வந்தனர். 1986இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் டேவிட் றீட் அவற்றைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். அவர் ஓட்டை உடைத்து உடலைப் பார்த்தார். இனப்பெருக்க உறுப்புக்களின் அமைப்பையும், முட்டை இடும் முறையையும், மரத்தில் எந்த உயரத்தில் எதன்மேல் இருக்கிறது என்பதையும் ஒப்பிட்டார். ஒன்றெனப்பட்டது இந்து சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் ஏறத்தாழ இருபது இனங்களாகப் பிரிந்தது. சில அடிமரத்திலும் வேரிலும் வாழ்பவை. சில இலையிலே வாழ்பவை. இலைவாழ் இனம் ஒன்றில் மஞ்சளும் செம்மையும் கபிலமுமாகப் பல நிறத்தவை ஒரே கிளையில் கூடி இருக்கும். சில இனங்கள் முட்டைகளைக் கடலில் விடுகின்றன. சில தம் உடலினுள்ளேயே வைத்துக் குடம்பிகளாக வளர்த்து விடுகின்றன. பின்னர் பரம்பரைப் பொருளைப் படித்தறியும் முறை வந்தது. 2010இல் வெளிவந்த ஆய்வு அவர் வகுத்த பிரிவுகளைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தியது. சேற்றில் கூட்டங்கூட்டமாகக் கிடக்கும் சிறிய பிரெனெல்லா ஊரிக்கும் இதே கதி நேர்ந்தது. அரபிக்கடல் தொடங்கி யப்பான் வரை ஒரே இனமென்று எழுதிவந்த பெயருக்குள் பல இனங்கள் மறைந்திருந்தன என்பது 2016இல் வெளிவந்த திருத்தத்தால் விளங்கியது.

தெனன்றின் வினா இன்னும் நிற்கிறது. பாறையில் குட்டை, மணலில் நெட்டை: இது வளர்ப்பா, பிறப்பா? இதற்கு மிகச் சிறந்த விடை கிடைத்தது லின்னேயஸ் பிறந்த சுவீடன் நாட்டிலேதான். அந்நாட்டின் மேற்குக் கரையில் வாழும் லிற்றோரினா சக்சாற்றிலிஸ் என்ற ஊரி இரு வடிவங்களில் உண்டு. நண்டு மிகுந்த கற்கரையில் பெரிதாகவும் தடித்த ஓட்டோடும் இருக்கும். அலை மோதும் பாறையில் சிறிதாகவும் மெல்லிய ஓட்டோடும், பற்றிக்கொள்ளப் பெரிய பாதத்தோடும் இருக்கும். 1988இல் நச்சுப்பாசி பெருகி அலைப்பாறைகளிலிருந்த ஊரிகள் மாண்டன. கேர்ஸ்ரின் யொகன்னசன் என்ற பெண் விஞ்ஞானி 1992இல் நண்டுக்கரை ஊரிகள் சில நூற்றை எடுத்து, வெறுமையாய்க் கிடந்த ஓர் அலைப்பாறையில் விட்டார். பின்னர் முப்பது ஆண்டுகள் காத்திருந்தார். அவற்றின் வழித்தோன்றல்கள் படிப்படியாக அலைப்பாறை ஊரிகளாகவே மாறின. முதல் சில தலைமுறைகளில் நேர்ந்த மாற்றத்தில் வளர்ப்பின் பங்கு உண்டு. நண்டின் வாசனை நீரில் இருந்தாலே சில ஊரிகளின் ஓடு தடிக்கும் என்பது முன்னரே அறிந்தது. ஆனால் காலப்போக்கில் பரம்பரை அலகுகளின் விகிதமே மாறியது; நிறமூர்த்தங்களில் தலைகீழாகத் திரும்பிய சில பகுதிகள் இதில் பெரும் பங்கு கொண்டன. முடிவுகள் 2024இல் வெளிவந்தன.

முற்போக்கு அணியில் உள்ளோர் இதைச் சற்று நின்று படிக்க வேண்டும். தெனன்ற் வாவிக்கு வந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, 1948 ஓகஸ்டில், மொஸ்கோவில் லைசென்கோவின் கூட்டம் பரம்பரையியலைப் பூர்ஷ்வாப் பொய் எனத் தள்ளி வைத்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே பெரும் தாவரவியலாளர் வவிலொவ் சிறையில் மடிந்திருந்தார். சூழல் உயிரை மாற்றுகிறது என்பது மெய். ஆயினும் எவ்வாறு மாற்றுகிறது என்பதைத் தீர்மானிப்பது கட்சித் தீர்மானம் ஆகாது. ஒரு பெண் முப்பது ஆண்டு ஒரு பாறையில் ஊரிகளை எண்ணியபின் கிடைத்த விடையில் இரு பக்கத்துக்கும் இடமிருந்தது.

சக்சாற்றிலிஸ் ஊரிக்கு இன்னொரு அதிசயமும் உண்டு. அது குட்டி போடுவது. அதனோடு ஒரே பாறையில் வாழும் ஆர்க்கானா என்ற உறவினம் முட்டையிடுவது. புறத்தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகையால் 1970களின் பிற்பகுதி வரை ஒன்றெனவே கருதினர். 2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, முட்டையிலிருந்து குட்டிக்கு மாறிய அந்தப் பயணம் ஒரே தாவலில் நிகழ்ந்ததன்று. பரம்பரைப் பொருளில் ஏறத்தாழ ஐம்பது இடங்களில், சிறுகச் சிறுக நேர்ந்த மாற்றங்களின் திரட்சி.

இவையெல்லாம் விஞ்ஞானிகளின் பொழுதுபோக்கு என்று கருதுவோர்க்கு நைல் நதிக்கரை உழவனை நினைவூட்டுவோம். அங்கே வாய்க்காலில் கால் நனைத்தவன் சிறுநீரில் இரத்தம் போகும் நோய்க்கு ஆளாவது பார்வோன்கள் காலத்திலிருந்து வரும் துயரம். அதன் புழுவைச் சுமப்பது புலினஸ் என்ற நன்னீர் நத்தை. ஆபிரிக்காவில் இதன் இரு இனங்கள் ஓட்டினால் பிரித்தறியக் கடினமானவை. ஒன்று நோயைச் சுமக்கும். மற்றது அந்நோயைப் பொதுவாகச் சுமப்பதில்லை. நிறமூர்த்தங்களை எண்ணியபோதே வேறுபாடு விளங்கியது: ஒன்றில் 72, மற்றதில் 36. எந்த வாய்க்காலில் மருந்திட வேண்டும் என்பது அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. நம் வாவியின் பிரெனெல்லா ஊரிகளும் பலவகைத் தட்டைப்புழுக்களுக்கு வீடு. அப்புழுக்கள் அங்கிருந்து மீனுக்கும் பறவைக்கும் செல்கின்றன.

வவுணதீவுக் கரையில் இன்று ஊரிக்கு நேர்வது என்ன? கண்டல் போனால் தெரபிராலியாவுக்கு இலையுணவு போகும். மரமேறும் ஊரிக்கு மரமே போகும். சேற்றை மேயும் சிறிய ஊரி மாத்திரம் சில காலம் தாங்கும். ஆகவே ஊரிகளின் கலப்பு மாறுவதைக் கொண்டே கரையின் நிலையைப் படிக்கலாம். மட்டக்களப்பில் கண்டல் பலமுறை வெட்டுண்டது. இறால் பண்ணைக்காக வெட்டினார்கள்; 2009இல் முடிந்த போரின்போது பாதுகாப்பின் பெயரால் வீதியோரங்களில் வெட்டினார்கள்; விறகுக்கு வெட்டும் ஏழையின் கத்தி இவற்றின் முன் சிறிது. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபின் கண்டலின் அருமையைப் பேசாத அதிகாரி இல்லை. நாற்று நட்டார்கள், படமும் எடுத்தார்கள். எத்தனை நாற்று நட்டோம் என்ற கணக்கு எளிதில் கிடைக்கும். நட்ட இடத்தில் எந்த ஊரி எத்தனை வந்து ஏறியது என்ற கணக்கைக் கேட்பவர் அரிது.

அந்தக் கணக்கை எடுக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. பொதுவுடைமையாளரும் பரம்பரையியல் மேதையுமான ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார். 1964இல் புவனேசுவரத்தில் மறையும் வரை இந்திய மாணவர்களிடம் வலியுறுத்தியதில் முக்கியமானது, விலையுயர்ந்த கருவிக்காகக் காத்திராமல் கண்ணாலும் எண்ணாலும் செய்யக்கூடிய உயிரியலைச் செய்யுங்கள் என்பதே. படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் ஆசிரியருக்குத் தேவையானவை நான்கு தடியும் ஒரு மீற்றர்க் கயிறும். சேற்றில் ஒரு சதுர மீற்றரை அளந்து, அதற்குள் பெரிய ஊரி எத்தனை, சிறிய ஊரி எத்தனை என்று பிள்ளைகள் எண்ணட்டும். மரத்தில் ஏறியவற்றை நீர்மட்டத்திலிருந்து எத்தனை சாண் உயரத்தில், பட்டையிலா இலையிலா என்று குறிக்கட்டும். ஓட்டின் மேல் ஒரு துளி கியூற்றெக்ஸ் தடவி விட்டால், அடுத்த கிழமை அதே ஊரி எங்கே போயிற்று என்று பார்க்கலாம். கொல்ல வேண்டியதில்லை, ஓட்டைச் சேகரிக்கவும் வேண்டியதில்லை. கச்சான் வீசும் ஆவணியில் ஒரு முறை. ஆற்றுவாய் வெட்டுவதற்கு முன் ஒரு முறை. வெட்டி வெள்ளம் வடிந்தபின் மற்றொரு முறை. கொப்பியில் திகதியும் இடமும் எழுதும்போது, எண்ணிய பிள்ளையின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும்.